மேசைவிரிப்பில் ஆறு தலைநகர்கள்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு லொறியில் ஏறினவன் நான். கோடு போட்ட தாளில் எழுதினாலும் என் எழுத்து கோட்டில் நிற்காது. எங்கே பெரிய ‘ற’, எங்கே சின்ன ‘ர’ என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். பிழைகளை அச்சில் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவனுக்குக் கடதாசி வசதியாக இருக்கிறது. அது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஒஸ்லோவில் புதிதாகச் சந்திக்கும் இரண்டு வெளிநாட்டவர் முதலில் கேட்டுக்கொள்வது, எந்த நாடு என்பதைத்தான். எனக்கு அதற்கு ஒரே பதில், மனப்பாடமாக இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் மிர்கோவிடம் கேட்டால் உடனே பதில் வராது. “எந்த வருசம் எண்டு முதல்ல சொல்லு” என்பார். முதல் தடவை கேட்டபோது, எனக்கு மொழி விளங்கவில்லை என்றுதான் நினைத்தேன். பிறகு அவரே விரலை மடித்துச் சொன்னார். “நான் பிறந்து வளந்தது பெல்கிராத்திலை, ஒரே வீடு. வீடு அசையேல்லை. முதல் அது பெரிய யூகோஸ்லாவியா. பிறகு சின்ன யூகோஸ்லாவியா. இப்ப சேர்பியாவும் மொண்டநீக்ரோவும். என்ர அம்மா கதவைத் திறக்காமலே மூண்டு நாட்டிலை சீவிச்சவ.” நான் ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்கு வந்தவன். நாடு தங்களை விட்டுப் போகப்போக ஒரே வீட்டில் இருந்தவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் சொன்னது நொர்வேஜிய மொழியில். நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

எங்கள் வேலைத்தளம் ஒரு பெரிய சலவை ஆலை. விடுதிகளின் படுக்கை விரிப்புகளும் துவாய்களும் மலை மலையாக வரும். தோய்ப்பதும் காயவைப்பதும் மடிப்பதும் இயந்திரம்தான். ஆனால் கலியாண மண்டபங்களுக்குப் போகும் நீள மேசைவிரிப்புகள் இயந்திரத்துக்குள் அடங்காது. அவற்றை இரண்டு பேர் கையால் மடிக்க வேண்டும். ஒருவர் இந்த முனையில், மற்றவர் அந்த முனையில். இழுத்து, உதறி, நீளவாக்கில் இரண்டாக்கிவிட்டு, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து நுனிகளைச் சேர்க்க வேண்டும். நுனி கை மாறும்போது விரல்கள் தொட்டுக்கொள்ளும். மறுபடி விலகிப் போக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மறுமுனையில் நின்றவர் மிர்கோ. என்னிடம் மெதுவாகக் கதைத்த முதல் ஆள் அவர்தான். ஒவ்வொரு உதறலுக்கும் ஒரு சொல் சொல்லித் தருவார். எனக்குத் தெரிந்த நொர்வேஜிய மொழி முழுவதும் அந்த விரிப்பின் மறுமுனையிலிருந்து வந்ததுதான்.

மிர்கோவின் மனைவி வெஸ்னாவுக்கும் அங்கேதான் வேலை. கிழிந்த துணிகளைத் தைக்கும் பகுதி. அவர் பிறந்தது மொண்டநீக்ரோவின் தலைநகரான பொட்கோரிட்சாவில். மூன்றாவது ஆள் செனாத். வான் ஓட்டுபவன், எங்களைவிட இளையவன், பொஸ்னியாவின் தலைநகரான சரயேவோவிலிருந்து வந்தவன். இடைவேளையில் நாங்கள் நாலு பேரும் ஒரே மேசை. வெஸ்னா நீளக் கைப்பிடி வைத்த சின்னச் செம்புக் கேத்தலில் கோப்பி காய்ச்சுவார். வண்டல் அடியில் தங்கும்வரை பொறுத்திருந்து குடிக்க வேண்டும். செனாத் அதைப் பொஸ்னியக் கோப்பி என்பான். மிர்கோ துருக்கிக் கோப்பி என்பார். “பேரைக் குடிக்கப் போறியளோ, கோப்பியைக் குடிக்கப் போறியளோ?” என்று வெஸ்னா அதட்டுவார். மூவரும் சண்டை பிடிப்பது ஒரே மொழியில். அந்த மொழிக்கு மட்டும் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள்.

செனாத்தின் ஊரைச் சுற்றி மலை. சண்டைக் காலத்தில் அந்த மலைகளில் நின்று ஊருக்குள் சுட்டவர்கள் கதைத்ததும் மிர்கோ கதைக்கும் மொழிதான். ஒருநாள் வானில் சாமான் ஏற்றும்போது செனாத்திடம் கேட்டேன், எப்படி ஒரே கேத்தலில் கோப்பி குடிக்கிறாய் என்று. அவன் சிரித்தான். “இந்த மனுசன் சுடேல்லை. அந்த நேரம் இஞ்சை நிண்டு துணி மடிச்சவர். இவரோடை கோவிச்சால் நான் ஆரோடை என்ர பாஷையிலை பகிடி விடுறது?” நான் அடுத்த மூட்டையைத் தூக்கி வானுக்குள் வைத்தேன்.

என் ஊர் திருகோணமலை. சின்ன வயதில் லொறிக் கிளீனராகக் கருவாட்டு மூட்டைகளுக்கு மேலே படுத்துக்கொண்டு இலங்கை முழுக்கப் போயிருக்கிறேன். தம்புள்ளைக்குக் கருவாடு போகும், மரக்கறி திரும்பும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு எல்லாம் எனக்குத் தேத்தண்ணிக் கடைகளாகத்தான் தெரியும். ஒரு மாகாணம் முடிந்து இன்னொரு மாகாணம் தொடங்கும் இடம் எது என்று நானும் கேட்டதில்லை, டிரைவரும் சொன்னதில்லை. கடைக்காரர் தமிழில் சில்லறை எண்ணுகிறாரா, சிங்களத்தில் எண்ணுகிறாரா என்பதுதான் வித்தியாசம். பிறகு வீதியில் மண் மூட்டைகள் வந்தன, தடைகள் வந்தன, இறங்கி வரிசையில் நில் என்றார்கள். எல்லை என்ற ஒன்று இருப்பதை அந்த வரிசைகளில் நின்றுதான் நான் படித்தேன். அந்தக் காலத்தில் மேடைகளில் சொன்னார்கள், வரப்போகும் நாட்டுக்கு எங்கள் ஊர்தான் தலைநகர் என்று. கைதட்டினேன். அடுத்த நாள் காலை மீன் சந்தைக்குப் போனபோது, தலைநகர் என்றால் இப்படியா மணக்கும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அன்றைக்கு மூட்டை கொஞ்சம் பாரம் குறைந்துதான் தெரிந்தது.

இந்த நாட்டில் எல்லை எப்படி இருக்கும் என்று மிர்கோதான் எனக்குக் காட்டினார். இங்குள்ளவர்கள் ஸ்வீடனுக்குப் போய் மலிவாக இறைச்சி வாங்கி வருவார்கள். ஒரு சனிக்கிழமை தன் காரில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார், வெஸ்னா முன்னால் இருந்தார். நான் பின் இருக்கையில் கடவுச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, சட்டைப் பொத்தானையெல்லாம் சரி பார்த்துக்கொண்டு இருந்தேன். கனதூரம் போன பிறகு, “எல்லை இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்டேன்.

“அது பின்னாலை போட்டுது” என்றார் மிர்கோ.

“எங்கை?”

“அந்தப் பெரிய பாலம். நீ கடலைப் பாத்துக்கொண்டு வந்தாய்.”

வெஸ்னா திரும்பி என் கையிலிருந்த கடவுச்சீட்டைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. “நானும் முதல் தரம் இப்பிடித்தான்” என்றார். திரும்பி வரும்போது நான் அந்தப் பாலத்துக்காகக் காத்திருந்தேன். கார் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. பிறகு எங்கள் மேற்பார்வையாளர், அவர் நொர்வேகாரர், விளக்கம் சொன்னார். நூறு வருடத்துக்கு முன்பு இரண்டு நாட்டுக்கும் ஒரே ராசாவாம். வேண்டாம் என்று இவர்கள் வாக்குப் போட்டுப் பிரிந்தார்களாம். சண்டை வரவில்லையா என்று கேட்டேன். “வரப் பாத்தது, வரேல்லை. இப்ப அங்கை போய்ப் பன்றியிறைச்சி வாங்குறம்” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். இவ்வளவு பெரிய சங்கதியை மனிதர் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார் என்று நான் வியந்துபோய் நின்றேன்.

சென்ற வருடம் மே பதினேழு. நொர்வேயின் தேசிய நாள். அன்றைக்குத் தெருவில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் “கிராத்துலேரர் மெட் டாகன்” என்று கைகொடுப்பார்கள். இந்த நாளுக்கு வாழ்த்து என்று அர்த்தம். பிறந்தநாளுக்கும் அதே சொல்தான். நானும் கூச்சத்தை விட்டுச் சொல்லிப் பழகியிருந்தேன். அது கழிந்த அதே வாரக் கடைசியில் மொண்டநீக்ரோவில் வாக்கெடுப்பு. சேர்பியாவோடு இருப்பதா, பிரிவதா? திங்கட்கிழமை பின்னேரம், ஒஸ்லோவின் ஓரத்தில் இருக்கும் புருசெத்தில், எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் முடிவு சொன்னார்கள். கொஞ்ச வித்தியாசத்தில் பிரிவது என்றாகிவிட்டது. சனங்கள் கொடியோடு வீதியில் ஆடினார்கள். வெடிச்சத்தம் கேட்டது. பார்த்தால், அது வாணம்.

என் மனைவி பவானி கையில் துடைக்கும் துணியோடு வந்து நின்றாள்.

“என்னப்பா, வாக்குப் போட்டே நாடு எடுத்தவை?”

“ஓம். வாக்குப் போட்டுத்தான்.”

“ஒருத்தரும் சாகேல்லையோ?”

“இந்த முறை ஒருத்தரும் இல்லையாம்.”

தொலைக்காட்சிக்கு மேலே அவளுடைய தம்பியின் படம் மாட்டியிருக்கிறது. அவள் அதை நிமிர்ந்து பார்க்காமல் குசினிக்குப் போனாள். ரவை வறுக்கும் வாசம் வந்தது. லட்டை உருட்டிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, “நாளைக்கு வெஸ்னாட்டைக் குடுங்கோ. நாடு கிடைச்ச வீடு. வெறுங்கையோடை போய் நிக்கக் கூடாது” என்றாள். எங்களுக்கு வேறு மாதிரி யோசிக்கத் தெரியவில்லை. ஒரு நாடு கிடைப்பதைவிடப் பெரிய நல்ல செய்தி இருக்கும் என்று எங்கள் ஆட்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை.

அடுத்த நாள் இடைவேளையில் செனாத் முந்திக்கொண்டான். “மிர்கோ, இனி இரவிலை மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கிறதெண்டால் பாஸ்போட் வேணும்” என்றான். மிர்கோ சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஆனால் என் நெஞ்சு, என்ன சொல்ல வேண்டும் என்பதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து நின்றேன். அந்த மேசையில் நான் எழுந்து நின்று பேசியது அதுவே முதல் தடவை. பெட்டியைத் திறந்து, “கிராத்துலேரர் மெட் டாகன்” என்று உரத்துச் சொல்லி, முதலில் மிர்கோவிடம் நீட்டினேன். மூத்தவருக்கு முதலில் கொடுப்பதுதானே முறை.

மிர்கோ லட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நேற்று வரைக்கும் என்ர நாட்டுக்குக் கடல் இருந்தது, சுந்தர். இண்டைக்கு இல்லை. அதுக்கு நீ இனிப்புத் தாறாய்.”

தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அதன் பிறகு விரிப்பின் மறுமுனையிலிருந்து சொல் வரவில்லை. “இழு” என்பார், அவ்வளவுதான். நுனிகளைச் சேர்க்க நடந்து வரும்போது, என் விரலில் படாமல் துணியின் ஓரத்தைக் கிள்ளி எடுத்துக்கொண்டு போவார். இரண்டு பேர் எதிரெதிரே நடந்து வருவதும் போவதும், ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதும் எவ்வளவு பெரிய வேலை என்று செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். வேறு பகுதிக்கு மாற்றும்படி மேற்பார்வையாளரிடம் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டால் மாற்றிவிடுவார். மாற்றிவிட்டால் அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று பயமாக இருந்தது.

தையல் மேசையில் வெஸ்னா என்னைக் கூப்பிட்டார். “உன்ர மனுசியின்ர இனிப்பு மூண்டு சாப்பிட்டனான். கழிவறைக்குள்ளை நிண்டு சாப்பிட்டனான். அம்மா அங்கையிருந்து போனிலை அழுதழுது சந்தோசமாக் கதைக்கிறா. நான் கதவைப் பூட்டிப்போட்டுச் சந்தோசப்படுறன்.” ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு தொடர்ந்தார். “அவருக்கு ஆரோ செத்த மாதிரி. ஆனா உடம்பு இல்லை, பெட்டி இல்லை. ஒருத்தரும் வந்து கை பிடிக்கேல்லை. செத்தது நாடெண்டால் ஆருக்கு எண்டு போறது?”

வீட்டில் பவானியிடம் சொன்னேன். அவள் தலையில் கை வைத்தாள். “ஐயோ, செத்த வீட்டுக்கெல்லோ லட்டு உருட்டிக் குடுத்து விட்டனான்! நீங்களும் அதைத் தூக்கிக்கொண்டு போய் மனுசன்ர மூஞ்சைக்கு நேரை நீட்டினீங்களே!” கொஞ்ச நேரம் என்னைத் திட்டினாள், கொஞ்ச நேரம் தன்னைத் திட்டினாள். பிறகு, “செத்த வீடெண்டால் செத்த வீட்டுக்குப் போற மாதிரிப் போங்கோவன்” என்றாள்.

அப்படியே போனேன். ஞாயிற்றுக்கிழமை, புருசெத்திலிருந்து மிர்கோவின் வீடிருக்கும் எல்லிங்ஸ்ருட்டுக்கு நடந்தே. இங்கே ஒருவர் வீட்டுக்குப் போவதென்றால் முதலில் தொலைபேசியில் கேட்க வேண்டும். செத்த வீட்டுக்கு யார் கேட்டுப் போவார்கள்? கையில் ஒன்றும் கொண்டு போகவில்லை. கதவைத் திறந்த மிர்கோ விலகி வழி விட்டார். தொலைக்காட்சியில் உலகக் கிண்ணக் கால்பந்து. சேர்பியாவும் மொண்டநீக்ரோவும் என்ற பெயரில் ஓர் அணி நின்றது. நாடு பிரிவதற்கு முன்பே தெரிவாகிவிட்ட அணி. அந்தப் பெயரில் நாடு இல்லை, அணி மட்டும் விளையாட வந்திருந்தது. தேசிய கீதம் தொடங்கியது. மிர்கோ எழுந்து நின்றார். குசினியிலிருந்து ஈரக் கையோடு வெஸ்னா வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றார். நானும் எழுந்தேன். இல்லாத ஒரு நாட்டுக்காக, எல்லிங்ஸ்ருட்டின் ஓர் அடுக்குமாடியில், மூன்று பேர் நின்றோம். இல்லாமல் போன ஒன்றுக்கு இவர்கள் எழுந்து நிற்கிறார்கள், இன்னும் வராத ஒன்றுக்கு எங்கள் ஆட்கள் எழுந்து நின்றார்கள் என்ற நினைப்பு வந்தது.

அவர்கள் அணி தோற்றது. முடிந்ததும் எழுந்து, யாருக்கும் சொல்லாமல் கதவைத் திறந்து வெளியே வந்தேன். படியிறங்கும்போது மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

திங்கட்கிழமை இடைவேளையில் மிர்கோ என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“நேற்றுச் சொல்லாமல் போனாய். நொர்வேயிலை அது மரியாதை இல்லை. எங்களிட்டையும் இல்லை. ஏன்?”

“எங்கடை ஊரிலை செத்த வீட்டிலையிருந்து வெளிக்கிடேக்கை, போட்டு வாறன் எண்டு சொல்லக் கூடாது.”

“ஏன்?”

“திரும்பியும் அப்பிடி ஒரு காரியத்துக்கு அந்த வீட்டுக்கு வரக் கூடாது எண்டுதான்.”

மிர்கோ மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். செனாத்தால் பொறுக்க முடியவில்லை. “அப்பிடியெண்டால் நீ பிந்திப்போனாய், சுந்தர். இந்த வீட்டிலை செத்த வீடு தொடங்கிப் பதினைஞ்சு வருசமாகுது” என்றான். மிர்கோவின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்புத்தான். சிரித்துக்கொண்டே எழுந்து, மடிக்கக் கிடந்த நீள மேசைவிரிப்பைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். கைத்துடைப்புத் துணிகளை எடுத்து அதன்மேல் ஒவ்வொன்றாக வைத்தார். மேல் மூலையில் ஸ்லோவேனியா, அதன் கீழே வளைந்துபோகும் குரோவேசியா, அதன் மடியில் பொஸ்னியா, வலப்பக்கம் சேர்பியா, கடலோரம் மொண்டநீக்ரோ, அடியில் மசிடோனியா. ஒவ்வொரு துணியிலும் ஒரு சின்னக் கோப்பை வைத்தார். லுப்லியானா, சாக்ரெப், சரயேவோ, பெல்கிராத், பொட்கோரிட்சா, ஸ்கோப்பியே.

“பொட்கோரிட்சாவுக்கு நான் பள்ளிக்கூடம் போகேக்கை வேறை பேர்” என்றார் வெஸ்னா.

“இந்த ஊருக்கும் முந்தி வேறை பேர்தான்” என்றார் பக்கத்து மேசையிலிருந்து மேற்பார்வையாளர்.

“சேர்பியாவின்ர அடியிலை ஒரு சின்னக் கரண்டி வைக்கட்டே?” என்று செனாத் கண்ணடித்தான். அங்கே இன்னொரு பகுதியும் பிரிய நிற்கிறதாம்.

“இண்டைக்கு வேண்டாம்” என்றார் மிர்கோ. கோபமில்லை, களைப்பு.

வெஸ்னா கேத்தலைக் கொண்டுவந்து, பெல்கிராத்தில் தொடங்கி ஆறு தலைநகருக்கும் கோப்பி ஊற்றினார். ஒரே கேத்தல். வெள்ளைத் துணியில் ஆறு கோப்பைகளிலிருந்தும் ஆவி எழும்பியது. ஒரு நாடு செத்த கதையை இவ்வளவு அழகாக ஒரு மேசையில் வைக்க முடியுமா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மிர்கோ பொட்கோரிட்சாவை எடுத்துக் குடித்தார். வெஸ்னா ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டுப் பெல்கிராத்தை எடுத்தார்.

பிறகு மிர்கோ ஒரு துணியை என் பக்கம் தள்ளினார். “இப்ப நீ.”

மூலைகளை உள்ளே மடக்கி, துணியை ஒரு மாங்காய் போல ஆக்கினேன். “இதுதான்” என்றேன். மிர்கோ ஏழாவது கோப்பையில் கோப்பி ஊற்றி என் கையில் தந்தார்.

“தலைநகர்?”

கொழும்புக்கு மேலே கோப்பையைக் கொண்டுபோனேன். அங்கே வைத்திருக்கலாம், உலகத்தில் எல்லா வரைபடத்திலும் அப்படித்தான். கை தானாக வலப்பக்கம், எங்கள் துறைமுகத்துக்கு மேலே போனது. அங்கேயும் இறங்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். செனாத் ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்தான். மேசைக்கு அடியில் வெஸ்னா அவன் காலை மிதித்தது எனக்குத் தெரிந்தது.

இடைவேளை முடிந்த மணி அடித்தது. மிர்கோ கோப்பைகளை ஒதுக்கிவிட்டு விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தார். “வா” என்றார். நான் கோப்பியை ஒரே மூச்சில் குடித்து, வைக்க இடமில்லாமல் கோப்பையை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, என் முனையைப் பிடித்தேன். இழுத்தோம், உதறினோம், நடந்து வந்தோம். நுனிகளைச் சேர்க்கும்போது அவர் விரல்கள் என் விரல்களைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுப் போயின.

அந்தக் கோடை முடிவதற்குள் எங்கள் ஊர்ப் பக்கம் மறுபடி சண்டை தொடங்கிவிட்டது. அதனால்தான் இதை எழுத இவ்வளவு பிந்தியது. கோப்பை அன்றைக்கு என் பையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. “ஆற்றை கோப்பை இது? கொண்டுபோய்க் குடுங்கோ” என்று பவானி எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். நான் கொடுக்கவில்லை. மிர்கோவும் கேட்கவில்லை. குசினி யன்னல் விளிம்பில் வைத்திருக்கிறேன். கழுவித் துடைத்து, வெறுமையாக. வெளியே புருசெத்தில் பனி கொட்டிக்கொண்டிருக்கிறது. இதை எழுதும்போதும் அந்தக் கோப்பை என் முன்னால்தான் இருக்கிறது.

ஒஸ்லோ,
2007 தை மாதம் 21, ஞாயிற்றுக்கிழமை.